சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களும் மருத்துவம் அளிக்கும் சட்டக் கடமையும் (1951–2020)

ஆய்வுச் சுருக்கம்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளரைத் தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மருத்துவம் அளிப்பவராக்கியது. பெருந்தேயிலைத் தோட்டங்களை மனத்தில் கொண்டு உருவான அக்கடமை, சிறு நிலங்களும் பருவகால வேலையும் உள்ள சேர்வராயன் மலைக் காப்பிப் பகுதிக்கு எவ்வளவு பொருந்தியது என்பதைச் சட்ட வாசகங்கள், குழு அறிக்கைகள், தீர்ப்புகள் ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. கடமையின் எல்லையை நோயோ மருத்துவமனைக்குள்ள தொலைவோ தீர்மானிக்கவில்லை, நிலப்பரப்பும் ஆள் எண்ணிக்கையுமே தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஏற்காடு, சேர்வராயன் மலை, தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்ட மருத்துவம், மகப்பேறு நலம், மருத்துவ நிறுவன ஒழுங்குமுறை

முன்னுரை

மருத்துவம் அளிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய சட்டங்கள் எனும்போது பதிவுச் சான்று, மருந்து உரிமம், கழிவகற்றல், நுகர்வோர் வழக்கு ஆகியனவே முதலில் நினைவுக்கு வரும். இவை அனைத்தும் மருத்துவரையோ மருத்துவமனையையோ நோக்கி எழுதப்பட்டவை. தென்னிந்திய மலைத் தோட்டங்களில் நிலை வேறு. அங்கே மருத்துவத்தை ஏற்பாடு செய்யும் கடமை, மருத்துவத் தொழிலோடு எத்தொடர்பும் இல்லாத ஒருவர்மீது, அதாவது காப்பியோ தேயிலையோ பயிரிடும் நில உரிமையாளர்மீது சுமத்தப்பட்டது. அக்கடமையை மேற்பார்வையிட்டது சுகாதாரத் துறையன்று, தொழிலாளர் துறை. இந்த ஏற்பாட்டின் வரலாற்றை நீலகிரியையோ ஆனைமலையையோ கொண்டு எழுதினால் அது பெருநிறுவனங்களின் வரலாறாக அமைந்துவிடும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், காப்பியை முதன்மைப் பயிராகக் கொண்ட சேர்வராயன் மலையிலிருந்து பார்க்கும்போது சட்டத்தின் விளிம்புகள் தெளிவாகத் தெரிகின்றன.

மலைக்கு வந்த காப்பி

சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தியவராக 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் குறிப்பிடப்படுகிறார். லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் 1918இல் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடியும் மலையின் குடியேற்றத்தையும் தோட்டங்களையும் அறிய உதவும் அடிப்படை ஆவணங்களாகும். மலையின் தொல்குடிகளான மலையாளிகள் (கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் இன்றும் தீரவில்லை) தம் ஊர்களில் வாழ்ந்தபடியே தோட்ட வேலைக்கும் சென்றனர். பறிப்புக் காலத்தில் சமவெளியிலிருந்தும் ஆட்கள் ஏறிவந்தனர். தேயிலையைப்போல ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளும் வேலை காப்பியில் இல்லை. பழம் சிவக்கும் சில மாதங்களில் ஆள்தேவை பெருகும். பின்னர் கவாத்து, களையெடுப்பு, நிழல்மரம் கழித்தல் என அது சுருங்கும். இந்தப் பருவ வேறுபாடு வேளாண்மைச் செய்தி மட்டுமன்று. மருத்துவக் கடமை யாருக்கு உரியது என்னும் வினாவுக்கும் அடிப்படையானது.

முதலில் தோட்டத்தை எட்டிய சட்டம் மருத்துவச் சட்டமன்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த வழி செய்தது. அது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை, ‘சட்டத்தைக் கடைப்பிடித்தல்’ என்பது தோட்டங்களில் பெரிதும் தொழிலாளியின் கடமையாகவே இருந்தது.

இங்கு இலங்கையை ஒப்பிடுவது பயன்தரும். சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்றே 1872இல் ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அது பலமுறை மாற்றப்பட்டு 1912ஆம் ஆண்டின் 9ஆம் கட்டளைச்சட்டமாக நிலைபெற்றது. அச்சட்டங்கள் மனிதநேயத்தால் மட்டும் பிறந்தவையல்ல. கப்பலேறி வந்த தொழிலாளர் வழியில் மாண்டதும், ஏற்றுமதிப் பொருளாதாரம் ஆளின்றித் தவிக்கக்கூடும் என்ற அச்சமும் அவற்றின் பின்னணியில் இருந்தன. எனினும், மருத்துவச் செலவைத் தோட்டங்களிடமிருந்து பொதுவாகத் திரட்டி, அரசு மாவட்ட மருத்துவ அலுவலர்வழி நடத்தும் முறை அங்கே உருவானது. சேலம் மாவட்டத்தில் ஒரே ஊரிலிருந்து இருவர் புறப்பட்டதாகக் கொள்வோம். கண்டிச் சீமைக்குச் சென்றவர்க்கு 1872 முதல் ஒரு மருத்துவச் சட்டம் இருந்தது. ஏற்காட்டு மலைக்கு ஏறியவர்க்கு அதற்கு ஒப்பான விரிந்த சட்டம் 1951இல்தான் இயற்றப்பட்டது. கடல் கடந்தவரைக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. மலை ஏறியவரை எவரும் எண்ணவில்லை.

குழுக்களின் காலம்

சென்னை மாகாணத்தில் மருத்துவரைப் பதிவு செய்யும் சட்டம் 1914இல் வந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய் கண்டறிந்த மருத்துவர் அதனை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் எனப் பணித்தது. தொழிற்சாலை மேலாளர், விடுதி நடத்துபவர், வீட்டுத் தலைவர் ஆகியோர்க்கும் இக்கடமை உண்டு. ஆனால் அறிவிப்பது வேறு, மருத்துவம் அளிப்பது வேறு. நோய் பரவாமல் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம்; தனியொரு நோயாளிக்கு யார் மருந்து கொடுப்பது என்ற வினாவிற்கு அதில் விடை இல்லை.

தோட்ட மருத்துவம் பற்றிய அகில இந்தியச் சிந்தனை விட்லி ஆணையத்தின் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் தொடங்குகிறது. தோட்டப் பகுதிகளுக்குச் சுகாதார நல வாரியங்களை அமைக்க வேண்டும் என்பது அவ்வாணையத்தின் பரிந்துரை. தனித்தனித் தோட்டத்தை அலகாகக் கொள்ளாமல் ஒரு வட்டாரத்தை அலகாகக் கொண்ட பரிந்துரை இது என்பது கவனிக்கத்தக்கது. சிறு தோட்டங்கள் அடுத்தடுத்துள்ள மலைக்கு மிகப் பொருத்தமான இவ்வழியைப் பின்வந்த சட்டம் தன் மையமாக ஏற்கவில்லை.

1943 முதல் 1946 வரை இயங்கிய போர் குழு, பணம் செலுத்தும் ஆற்றல் இல்லை என்பதற்காக எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்னும் கொள்கையை முன்வைத்தது. அக்குழுவின் அளவுகோல் மக்கள்தொகை. அதே 1946இல் வெளிவந்த, தோட்டத் தொழிலாளர் நிலை பற்றிய டி.வி. ரேகே அறிக்கையின் அளவுகோல் வேலைவாய்ப்பு. அடுத்த ஆண்டு மேஜர் லாயிட் ஜோன்ஸ் தோட்ட மருத்துவத் தரங்கள் குறித்து அறிக்கை அளித்தார். அவ்வறிக்கையின் தலைப்பிலேயே அது தேயிலைத் தோட்டங்களுக்கு உரியது எனக் குறிக்கப்பட்டுள்ளது. பெரும் பரப்பு, ஆண்டு முழுவதும் வேலை, தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பு, பல நூறு குடும்பங்கள் ஆகிய தேயிலைச் சூழலே தோட்ட மருத்துவச் சிந்தனையின் இயல்பான முன்மாதிரியாயிற்று. குடிமகன் என்ற முறையில் ஒருவர்க்கு உரியது எது, தொழிலாளி என்ற முறையில் உரியது எது என்னும் இரு பாதைகள் இவ்வாறு ஒரே காலத்தில் பிரிந்தன. சேர்வராயன் மலைவாசியின் மருத்துவ உரிமை அன்றிலிருந்து இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடியது.

பத்தாம் பிரிவின் வாசகம்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் இயற்றப்பட்டாலும் 1954 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் தேயிலைத் தொழிலில் ஏற்பட்ட நெருக்கடி இத்தாமதத்திற்கு ஒரு காரணம். தேயிலையின் இடரால் காப்பித் தொழிலாளரும் காத்திருக்க நேர்ந்தது. சென்னை மாநில விதிகள் 1955இல் வகுக்கப்பட்டன.

சட்டத்தின் 10ஆம் பிரிவு மூன்று உட்பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளர்க்கும் குடும்பத்தார்க்கும், மாநில அரசு விதிக்கும் மருத்துவ வசதிகள் உடனே கிடைக்குமாறு ஏற்படுத்தப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. அவ்வாறு செய்யாவிடில் தலைமை ஆய்வாளரே அவ்வசதிகளை ஏற்படுத்திச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது இரண்டாவது. அத்தொகையைத் தலைமை ஆய்வாளர் சான்றளித்துக் கலெக்டருக்கு அனுப்பினால், அவர் அதை நிலவரி நிலுவைபோல் வசூலிக்கலாம் என்பது மூன்றாவது.

இம்மூன்றாம் உட்பிரிவு தொழிலாளர் சட்டங்களில் எளிதில் காணக்கிடைக்காத வலிமை உடையது. தண்டம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் வழியை அது அடைக்கிறது. விடுபட்ட மருத்துவத்தையே நிறைவேற்றி, அதன் விலையைப் பெறுகிறது. மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் ஒரு கலெக்டர் எனக் கொண்டால், ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பிறகு அக்காப்பித் தோட்டத்தின் மருத்துவக் கடனை வசூலிக்கும் பொறுப்பும் அதே பதவிக்கு வந்துசேர்ந்தது எனலாம். ஆனால் இவ்வதிகாரம் ‘செய்யலாம்’ என்னும் சொல்லால் ஆனது. ‘செய்ய வேண்டும்’ என்பதால் அன்று. அரசு முதலில் தன் பணத்தையும் ஆளையும் செலவிட்ட பின்னரே வசூல் தொடங்க முடியும். மருத்துவர்களை மலைக்கு அனுப்புவதே கடினமாயிருந்த நிர்வாகத்திற்கு இது காகிதத்தில் மட்டுமே எளிய வழி.

‘உடனே கிடைக்குமாறு’ என்னும் தொடரும் ஆராயத்தக்கது. சமவெளியில் இத்தொடரைத் தொலைவால் அளக்கலாம். சேர்வராயன் மலையில் தொலைவு நேரத்தைக் காட்டாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மறுபுறம் குப்பனூர் வழி ஒன்றுண்டு. ஏற்காடு ஊரை அடைந்த பிறகும் நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளின் சிற்றூர்களுக்கு மலைச்சாலையில் மேலும் செல்ல வேண்டும். மருத்துவ வசதி தோட்டத்தில் இருப்பது, நோயுற்றவரின் வீட்டுக்கு அருகில் இருப்பதாகாது. தோட்டக் குடியிருப்பில் தங்குபவர்க்கு இரண்டும் ஒன்று; தம் ஊரிலிருந்து நடந்துவரும் மலையாளித் தொழிலாளிக்கு அவ்வாறன்று. பிரிவு 10 குடியிருப்பை நிபந்தனையாக்கவில்லை. ஊரில் இருக்கும் அவருடைய மனைவி மக்களும் சட்டப்படி பயன்பெற உரியவரே. ஆயினும் உரிமை வீடு வரைக்கும் சென்றது. வசதி தோட்ட எல்லையோடு நின்றது.

ஏக்கரும் எண்ணிக்கையும்

1951ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 30 பேருக்குக் குறையாத ஆட்களும் உள்ள தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கே பொருந்தியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வரம்பை 5 ஹெக்டேர், 15 பேர் எனத் தாழ்த்தியது, ஏலத்தையும் சேர்த்தது, தோட்டங்களைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. அடுத்தடுத்துள்ள நிலங்கள் ஒரே உரிமையாளரின் மேலாண்மையில் இருந்தால் அவற்றைக் கூட்டிக் கணக்கிடும் விளக்கமும் சேர்க்கப்பட்டது. நிலத்தைத் துண்டாக்கிக் கடமையிலிருந்து விலகும் வழக்கம் சட்டம் இயற்றுவோர் அறிந்ததே என்பதற்கு இவ்விளக்கமே சான்று.

இந்தியக் காப்பிப் பயிரிடுவோரில் மிகப் பெரும்பான்மையோர் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடைய சிறு விவசாயிகள். சேர்வராயன் மலையிலும் பழைய ஐரோப்பியத் தோட்டங்களின் வழிவந்த பெரிய நிலங்களோடு, மலையாளிகளின் சிறு காப்பி நிலங்களும் உள்ளன. ஒரு மலையாளிக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், சொந்த நிலத்தில் அவர்கள் பயிரிடுவோர். பறிப்புக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்கள். முதல் நிலையில் இச்சட்டம் அவர்களை அறியாது. இரண்டாம் நிலையில் அறியும், ஆனால் அத்தோட்டம் வரம்பைத் தாண்டியிருந்தால் மட்டும். ஒரே ஆள், ஒரே காய்ச்சல்; எந்த மாதம் வந்தது என்பதைப் பொறுத்து மருத்துவத்திற்குப் பொறுப்பாளர் மாறுகிறார்.

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கே கூர்ந்து பார்க்கத்தக்கது. ஆண்டில் 60 நாளுக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் தொழிலாளரே என அது வரையறையை விரித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் காப்பிப் பறிப்பு சில மாதங்களே நீடிப்பது. மழைநாள், சந்தைநாள், திருவிழா நாள் கழித்தால் ஓர் ஒப்பந்தப் பறிப்பாளர் ஒரே தோட்டத்தில் 60 நாளைக் கடப்பதும் கடவாததும் வருகைப் பதிவேட்டை எழுதுபவரின் கையில் உள்ளது. தேயிலையில் இவ்வரம்பு தானாகக் கடக்கப்படும். காப்பியில் அது சண்டைக்குரிய எல்லைக்கோடாகிறது. அதே திருத்தம் பூச்சிக்கொல்லிகளைக் கையாள்வோர்க்கு உரிய பயிற்சியும் காலமுறை மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்றது. தொழில்சார் நோயைத் தோட்டச் சட்டம் தனியே பெயரிட்டுப் பேசத் தொடங்கியது இவ்வளவு பிந்தித்தான்.

கம்பவுண்டரின் இடம்

தோட்ட மருத்துவம் என்பது நடைமுறையில் பெரும்பாலும் மருந்தகமும் கம்பவுண்டருமே. மருத்துவர் வாரம் ஒருமுறையோ அதனினும் அரிதாகவோ வரும் சிறு தோட்டத்தில் நாள்தோறும் நோயாளியைப் பார்ப்பவர் இவரே. சட்டங்கள் இவரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தன. தோட்டத்தொழிலாளர் சட்டத்தின் திருத்தப்பட்ட வரையறையில் மருத்துவமனையும் மருந்தகமும் தோட்டத்தின் பகுதியே. மருத்துவ அலுவலர் தொழிலாளர் அல்லர் என அது விலக்குகிறது. மற்ற மருத்துவப் பணியாளர் சம்பள வரம்புக்கு உட்பட்டால் தொழிலாளர், மிஞ்சினால் இல்லை. அந்த வரம்பு 1951இல் 300 ரூபாய், 1981இல் 750 ரூபாய், 2010இல் 10,000 ரூபாய். ஆகவே மருந்து கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சட்டத்தின் பயனாளிகளாக இருக்கக்கூடும்.

1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் வேறு திசையிலிருந்து வந்தது. மருத்துவரின் சீட்டுப்படி மருந்து கலந்து கொடுப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்பது அதன் 42ஆம் பிரிவின் சாரம். மருத்துவர் தம் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு அதில் விலக்குண்டு. மருத்துவர் உடனிருக்கும் தோட்ட மருத்துவமனைக்கு இவ்விலக்கு உதவும். மருத்துவர் இல்லாத நாளில் கம்பவுண்டர் கொடுக்கும் மருந்து எதன் கீழ் வரும்? 10ஆம் பிரிவின்படி வசதி உடனே கிடைக்க வேண்டும்; 42ஆம் பிரிவின்படி தகுதியற்றவர் கொடுக்கக் கூடாது. ஒன்றைக் கடைப்பிடிக்கும் சிறு தோட்டம் மற்றொன்றை மீறும் அபாயத்தில் இருந்தது. இரண்டையும் நிறைவேற்றும் வழி முழுநேர மருந்தாளுநரை அமர்த்துவதே. 20 ஆட்கள் உள்ள தோட்டத்திற்கு அது எளிய செலவன்று.

இம்முரணின் பாரம் இறுதியில் தொழிலாளியின்மீதே விழுந்தது. 32ஆம் பிரிவின்படி நோய்க்கால உதவித்தொகை பெறத் தகுதிபெற்ற மருத்துவரின் சான்று வேண்டும்; தகுதிபெற்ற மருத்துவர் யார் என்பதையும் சட்டமே வரையறுத்துள்ளது. கம்பவுண்டரால் காய்ச்சலுக்கு மாத்திரை தர முடிந்தது. காய்ச்சல் இருந்ததென்று சான்று தர முடியவில்லை. மூன்று நாள் படுத்திருந்தவர் உதவித்தொகை பெற வேண்டுமானால் காய்ச்சலோடு ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ சென்று மருத்துவரைக் காண வேண்டும். அதற்கான பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் எந்தப் பிரிவும் கணக்கில் கொள்ளவில்லை.

மகப்பேறும் 25 ரூபாயும்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றோடு தோட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன்பின் தோட்டச் சட்டத்திலிருந்த மகப்பேற்றுப் பகுதி நீங்கியது. புதிய சட்டத்தின் 8ஆம் பிரிவு, பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் உரிய கவனிப்பை வேலையளிப்பவர் இலவசமாகத் தராவிடில் அப்பெண்ணுக்கு 25 ரூபாய் மருத்துவ போனஸ் தர வேண்டும் என்றது. இத்தொகை 1989இல் 250 ரூபாயாகவும், 2008இல் 1,000 ரூபாயாகவும், 2011இல் 3,500 ரூபாயாகவும் உயர்ந்தது.

இதனைத் தோட்டச் சட்டத்தின் 10ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் இரு சட்ட மனப்பான்மைகள் தெரியும். 10ஆம் பிரிவு, தவறினால் அரசே அவ்வேலையைச் செய்து செலவைப் பெறும் என்கிறது. 8ஆம் பிரிவு, தவறினால் இவ்வளவு கொடு என்கிறது. முன்னது கடமை, பின்னது விலை. மருத்துவச்சியோ செவிலியோ அமர்த்துவதற்கும் 25 ரூபாய்க்கும் இடையே தெரிவு செய்யச் சொன்னால், சிறு தோட்டக் கணக்கர் எதைத் தெரிவு செய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மேலும், இந்தத் தெரிவில் சட்டமீறல் எதுவும் இல்லை. போனஸ் கொடுத்த தோட்டம் சட்டத்தைக் கடைப்பிடித்த தோட்டமே. பெண் தொழிலாளர் மிகுதியான காப்பிப் பறிப்பில் இவ்விதி நெடுங்காலம் பேசப்படாமல் கிடந்தது வியப்புக்குரியது.

புகார் கொடுக்க உரியவர் யார்

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். தலைமை ஆய்வாளரின் புகாரோ எழுத்துவழி முன்னிசைவோ இன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியாது. ஆய்வாளருக்குக் குற்றம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று மாதத்திற்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். மருத்துவம் கிடைக்காத தொழிலாளி இவ்வழக்கில் ஒரு சாட்சியாகலாம்; வழக்காடுபவராக முடியாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தமே தொழிலாளியும், அவர் சார்ந்த தொழிற்சங்கத்தின் பொறுப்பாளரும் புகார் கொடுக்க வழி திறந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து 56 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையில் வேறொரு வாயில் திறந்திருந்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையாகக் கொண்டது. அனைவர்க்கும் கட்டணமின்றி மருத்துவம் தரும் மருத்துவமனைகளை அது விலக்கியது. எனினும் பணி நிபந்தனையின் பகுதியாக வேலையளிப்பவர் ஊழியர்க்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவச் செலவை ஏற்கும்போது, அம்மருத்துவம் இலவசமானதாகாது எனவும் கூறியது. ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பம் தொடுத்த லட்சுமண் தம்மப்பா கோட்கிரி வழக்கில், வேலையளிப்பவரே நடத்தும் மருத்துவமனைக்கும் இக்கருத்து விரிவுபெற்றது. தோட்டத்தில் மருத்துவம் பெறுவது தொழிலாளியின் சட்ட உரிமை; அதன் செலவு அவரது உழைப்பின் பகுதி. அவ்வாறாயின் தோட்ட மருந்தகத்தில் நேர்ந்த கவனக்குறைவுக்கு அவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்னும் வாதம் இத்தீர்ப்புகளிலிருந்து இயல்பாகவே எழுகிறது. ஆனால் ஒரு வரம்புண்டு. தவறாக அளிக்கப்பட்ட மருத்துவத்திற்கே இவ்வாயில். அளிக்கப்படாத மருத்துவத்திற்கு அது எளிதில் திறவாது. சேர்வராயன் மலையின் சிக்கலோ பெரும்பாலும் இரண்டாம் வகை.

தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு

தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் வந்தது. அதன் விதிகள் 2018இல்தான் வகுக்கப்பட்டன. அதே ஆண்டுத் திருத்தத்தால் ‘தனியார்’ என்னும் சொல் நீங்கி, அரசு நிறுவனங்களும் அதன் எல்லைக்குள் வந்தன. பதிவுக்கு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரை அணுக வேண்டும். தொழிலாளர் துறையின் கண்ணில் நலவசதியாக இருந்த தோட்ட மருந்தகம், இப்பார்வையில் மருத்துவ நிறுவனம். இடவசதி, பணியாளர் தகுதி, பதிவேடு ஆகியவற்றின் தரம் கேட்கப்படுகிறது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் (2016) இன்னும் வெளிப்படையானவை. படுக்கை எண்ணிக்கை எதுவாயினும், ஊசி போடும் சிறு மருந்தகமும் கழிவை உண்டாக்குவதே. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையச் சேவை கிடைக்குமானால் தனி ஏற்பாடு கூடாது. குறிப்பிட்ட வகைக் கழிவுகளைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வரைபடத்தில் 75 கிலோமீட்டர் என்பது சேர்வராயன் மலை முழுவதையும் சேலத்தோடு இணைத்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்த மலைச்சாலை அவ்வாறு இணைப்பதில்லை.

இவ்விதிகளின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. தரமற்ற மருத்துவத்தை மலைவாசிகளுக்கு உரியதென ஏற்பது அறமாகாது. ஆனால் மருத்துவ நிறுவனமாக இருப்பதன் செலவு உயர, மருந்தகம் நடத்துவதைவிட அதை மூடுவதே தோட்டத்திற்கு இலாபமாகிறது என்பதையும் காண வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவம் அளிக்காமையைத் தண்டிக்க முயன்றது. பின்வந்தவை குறைவுபட அளிப்பதைத் தண்டிக்கின்றன. முன்னதின் ஆய்வு தளர்ந்து பின்னதின் ஆய்வு இறுகும் இடத்தில், ஒரு சிறு தோட்டத்திற்குப் பாதுகாப்பான வழி எதையும் நடத்தாமல் இருப்பதே.

அவ்வாறு விடுபட்டவர்களை ஏற்றுக்கொண்டது அரசு மருத்துவ அமைப்பு. போர் குழுவின் பாதையில் வந்த அவ்வமைப்பு மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என அளவிடுகிறது. சமவெளியில் இவை 30,000, 5,000. ஏக்கரைப் பாராமல் ஆளையும் நிலத்தின் கடுமையையும் பார்க்கும் அளவுகோல் இது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டதாயினும் மலைக்கெனத் தனி நிர்வாகச் சட்டம் இல்லை. ஆகவே அரசு மருத்துவமனையும், 2008 முதல் 108 ஆம்புலன்சும், காப்பீட்டுத் திட்டங்களுமே தோட்டத்தவர்க்கும் ஊரவர்க்கும் பொதுவானவை.

2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இந்த நடைமுறையைச் சட்டமாக்குகிறது. தோட்டம் என்பதன் வரம்பு 5 ஹெக்டேராகவே தொடர்கிறது. ஆனால் 92ஆம் பிரிவின்படி தொழிலாளர்க்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவ வசதியை உரிமையாளர் தாமே தரலாம். அல்லது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்கீழ் ஊழியர் அரசுக் காப்பீட்டில் அவர்களைச் சேர்க்கலாம். மத்திய, மாநில அரசுகளின் அல்லது ஊராட்சியின் திட்டங்கள் வழியாகவும் நலவசதிகளை அளிக்க அது இடந்தருகிறது. ஆய்வாளர் ‘ஆய்வாளரும் வழிகாட்டுநரும்’ ஆகிறார். சிறு காப்பித் தோட்டத்திற்கு, இயங்காத மருந்தகத்தைப் பதிவேட்டில் இயக்குவதைவிட இது நேர்மையான ஏற்பாடு. காப்பீட்டு மருத்துவமனை மலைமேல் இருக்குமானால் விட்லி ஆணையம் எண்ணிய வட்டார மருத்துவத்திற்கு அருகிலும் அது வரும். மலைமேல் இல்லாவிடில், அட்டை மட்டும் தொழிலாளியின் கையில் இருக்க, மருத்துவம் 20 வளைவுகளுக்குக் கீழே இருக்கும். காப்பீட்டுக்குரிய சந்தாவின் ஒரு பங்கு அவர் கூலியிலிருந்தும் பிடிக்கப்படலாம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அவரிடம் அவ்வாறு எதையும் கேட்டதில்லை.

தொகுப்பின் நீக்கற் பிரிவு, பழைய சட்டங்களின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளைப் புதியதற்கு முரண்படாத அளவிற்கு இடைக்காலத்திற்குத் தொடரவிடுகிறது. 10ஆம் பிரிவில் இருந்த ‘உடனே கிடைக்குமாறு’ என்னும் தொடரை மாநிலத்தின் புதிய விதிகள் கிலோமீட்டரால் அளக்குமா, மலைச்சாலையில் ஆகும் மணி நேரத்தால் அளக்குமா என்பது, அவ்விதிகளை வரைபவர் சேலத்தில் அமர்ந்து எழுதுகிறாரா நாகலூரில் நின்று எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தது.